மூன்று கோலும் செல்லாது!

கேள்வி: 2022 நவம்பர் 22 அன்று கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் சவூதி அரேபியாவிடம் அர்ஜென்டினா 2-1 என்று தோற்றபோது, எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் பிரேசில் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் பருப்பு வடை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள். முதல் பாதியில் நாங்கள் போட்ட மூன்று கோல்களை ஆஃப்சைடு என்று அழித்தது நியாயமா?
- அர்ஜென்டினா ரசிகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, ஆனாலும் தீர்ப்பு நியாயமே. சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் பாதியில் நிற்பவரின் தலையோ உடலோ காலோ, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால், அது ஆஃப்சைடு நிலை. கை மட்டும் கணக்கில் வராது. அந்தத் தொடரில் மைதானக் கூரையின் கீழிருந்த 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை கவனித்தன. பந்துக்குள் இருந்த உணரியோ வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. தோள்பட்டை சற்று முந்தினாலும் தப்ப முடியாது.

உண்மையில் நம்மை வீழ்த்தியது கருவியன்று. சவூதியின் பயிற்சியாளர் எர்வே ரெனார் தம் தற்காப்பு வரிசையை நடுக்கோட்டுக்கு வெகு அருகில் துணிந்து நிறுத்தினார். நம் முன்கள வீரர்கள் பொறுமையின்றி முந்திச் சென்று அந்தப் பொறியில் விழுந்தார்கள். அந்தத் துணிச்சலை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பிரேசில் காலிறுதியில் குரோஷியாவிடம் தோற்றது. டிசம்பர் 18 அன்று பிரான்சை பெனால்டியில் வென்று மெஸ்ஸி கோப்பையை ஏந்தினார். அன்று வடை வாங்கிக் கொடுத்தது யார் என்று அவசியம் எழுதுங்கள்.