முதல் 40 நிமிடம் கடித்த மீன் அப்புறம் எங்கே போகிறது?

கேள்வி: ஆற்றில் 5 மணி நேரத் தூண்டில் போட்டி. எனக்கு ஒதுக்கிய இடத்தில் (பெக்) ஒன்றரை மீட்டர் ஆழம், நடுத்தர ஓட்டம். தக்கை போட்டு ஈப்புழு கோர்த்துப் பிடித்தேன். விசில் ஊதியதும் மீனை வரவழைக்க 6 மாவு உருண்டை எறிந்தேன். 40 நிமிடத்தில் 15 மீன். அதன்பின் கடி நின்றுபோனது. இன்னும் 4 உருண்டை எறிந்தும் பயனில்லை. ஓட்டம் போகும் திசையில் எனக்குக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் மட்டும் கடைசிவரை பிடித்துக்கொண்டே இருந்தார். எங்கே தவறு?

பதில்: நீங்கள் எழுதியதில் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. உங்கள் இரை கீழ்ப்பக்கம் போயிருக்கிறது, மீனும் அதன் பின்னால் போயிருக்கிறது. ஓடும் ஆற்றில் தூவும் இரையும் முள்ளில் இருக்கும் இரையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். இந்த ஒன்று சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல கோலும் ரீலும் இருந்தும் பலனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தயாராகும் நேரத்தில் இரை போட அனுமதியில்லை, ஆனால் ஓட்டத்தை அளக்கத் தடையில்லை. ஒரு காய்ந்த குச்சியை எறிந்து, 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று பாருங்கள். 20 நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர். ஈப்புழு எவ்வளவு வேகத்தில் அமிழும் என்பதை வீட்டிலேயே ஒரு கண்ணாடித் தொட்டியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டர் இறங்க 16 நொடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே தூவிய புழு 8 மீட்டர் தள்ளித்தான் தரை தொடும். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். பெக்குகள் நெருக்கமாக இருந்தால் அது பக்கத்துக்காரரின் சாப்பாட்டுப் பந்தி. ஆகவே உங்கள் எல்லைக்குள், ஓட்டம் வரும் திசையில் எவ்வளவு மேலே தூவ முடியுமோ அவ்வளவு மேலே தூவுங்கள். அதுவும் போதாத ஓட்டமாக இருந்தால், அடியைத் தொட்டதும் மூடி திறந்துகொள்ளும் கம்பிவலை டப்பாவில் இரையை நிரப்பி நேரே கீழே இறக்குங்கள். போட்டி விதி அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவு உருண்டையிலும் இதே சிக்கல்தான். மாவில் உயிருள்ள ஈப்புழுவைக் கலந்திருந்தால் அவை நெளிந்து நெளிந்து உருண்டையைப் பாதி வழியிலேயே உடைத்துவிடும். ஓட்டத்தில் போடும் உருண்டைக்கு இறந்த புழுவோ கூட்டுப்புழுவோதான் சரி. கூட்டுப்புழுவை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். நாள்பட்டுக் கறுத்தவை மிதக்கும். அவற்றை அரித்து வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆற்றிலும் அவை மேலே மிதந்துபோய் மீனைக் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

மாவைப் பிசைவதற்கும் பொறுமை வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கிளறி, 15 நிமிடம் ஊற விடுங்கள். உலர்ந்த மாவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி தெளித்துக் கிளறிச் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். ஒரு கையால் ஒரே ஒரு முறை அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் உதிர வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்தால் களிமண் சேர்த்து இறுக்கமாகப் பிடியுங்கள். கனமும் கூடும், அடியில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கரையும்.

கடி நின்றதும் இன்னும் 4 உருண்டை எறிந்தீர்களே, அது இரண்டாவது தவறு. பெரும்பாலோர் செய்வது இதைத்தான். எஞ்சியிருக்கும் மீனுக்கு வயிறு நிறைந்துவிடும், மேலிருந்து தொப்பென்று விழும் சத்தத்தில் மிரண்டும் போகும். அந்த நேரத்தில் முள்ளில் திரும்பி வரும் புழுவைப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் தோலாக வந்தால் மீன் இருக்கிறது, கடியை நீங்கள் கவனிக்கவில்லை என்று பொருள். முள்ளை ஒரு அளவு சிறிதாக்குங்கள், நரம்பில் கடைசியாக இருக்கும் ஈயக்குண்டை முள்ளுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளுங்கள். போன மாதிரியே புழு உயிரோடு நெளிந்து வந்தால் ஆழமோ இடமோ தப்பு. முள்ளில் மாட்டிய சிறு மீனைத் திடீரென்று எதுவோ இழுத்துப் பிடுங்கினால், அல்லது உடம்பில் கீறலோடு மீன் வந்தால், வேட்டை மீன் வந்துவிட்டது; கூட்டம் கலைந்திருக்கும். 20 நிமிடம் வேறு தூரத்தில் போடுவதுதான் வழி. அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே வேறு தூரத்தில் இரை போட்ட இரண்டாவது இடம் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

புழுவைக் கோர்க்கும் விதமும் முக்கியம். கூர்முனை தலை, தடித்த பின்முனையில் கண் மாதிரி இரண்டு புள்ளிகள் தெரியும். அந்த முனைத் தோலை முள்ளின் நுனி மேலாக மட்டும் கவ்வ வேண்டும். ஆழமாகக் குத்தினால் சாறு வடிந்து புழு தொங்கிவிடும். 18 அல்லது 20 எண் முள்ளும் அதில் கட்டும் 0.10 மில்லிமீட்டர் நுனி நரம்பும் சிறு மீனுக்குப் போதும்.

தக்கையை ஓட்டத்தோடு சும்மா விடாதீர்கள். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாகப் போவதால், தக்கை உங்கள் புழுவை இழுத்துக்கொண்டு ஓடும். தூவிய புழுக்கள் மெதுவாக உருள, உங்களுடையது மட்டும் ஓடினால் மீன் நம்பாது. நரம்பில் விரலை வைத்துப் பிடித்துப் பிடித்து விடுங்கள். அப்படிப் பிடிக்கும்போது புழு முன்னால் போய் மேலே எழும்பும். அதைச் சரிக்கட்ட, ஆழம் பார்க்கும் ஈயத்தை முள்ளில் மாட்டிச் சரியாக அளந்த ஆழத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கூட்டி வையுங்கள். கரையோரத்தில் ஒரு குச்சியையும் நட்டுவையுங்கள். மேலே மதகு திறந்தாலோ மூடினாலோ நீர்மட்டம் மாறும், ஆழக் கணக்கும் உடனே மாற வேண்டும்.

அடுத்த முறை விசில் ஊதியதும் இறுக்கமான 3 உருண்டை மட்டும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு தடவை தக்கையை விடுமுன்பும் 15 புழு, விடாமல். தக்கையை ஒரு தடவை விட்டு எடுக்க ஒரு நிமிடம் என்றால் 5 மணி நேரத்தில் 300 தடவை, 4,500 புழு. அதற்குத் தகுந்தபடி கொண்டுபோங்கள். மூன்றாவது மணியில் தீர்ந்துபோனால் வேறு வழி கிடையாது. கடி குறைந்தால் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். தக்கையை ஒவ்வொரு மீட்டராகக் கீழே தள்ளி விட்டுப் பாருங்கள். கடி கீழே கிடைத்தால், இரை தூவும் இடத்தை அதே அளவு மேலே நகர்த்துங்கள். 10 நிமிடத்தில் மீனும் பின்னால் ஏறி வரலாம்.

பிடித்த மீனைப் போட்டுவைக்கும் வலைப்பையை ஓட்டத்தோடு நீளமாக விரித்து, கடைசி வளையத்தை அடியில் ஊன்றிவிடுங்கள். சுருண்டு கிடந்தால் மீன் நசுங்கும். கடைசி விசிலுக்கு முன் மாட்டிய மீனை விசிலுக்குப் பின் கரையேற்றினால் சேருமா என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும். பெக் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.