குட்டை மரபணுவும் மனச்சோர்வும்

வணக்கம். என் அப்பாவுக்குப் பல வருடங்களாக மனச்சோர்வு, மாத்திரையில்தான் சமாளிக்கிறார். போன மாதம் எச்சில் மாதிரி அனுப்பி ஒரு மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். செரோடோனின் மரபணு 'எஸ்/எஸ்', மனச்சோர்வு அபாயம் அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. எட்டாவது படிக்கும் மகளுக்கும் எடுத்துப் பார்க்கலாமா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு எடுக்க வேண்டாம். அந்தச் சிவப்பு எழுத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. அதைச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியே விடும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவுக்கு முன்னால் உள்ள ஒரு துண்டு சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. குட்டை என்றால் புரதம் குறைவாக உருவாகும் என்பது கணிப்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குட்டையே வந்தால் அதுதான் உங்கள் எஸ்/எஸ்.

2003-இல் உளவியலாளர் அவ்ஷலோம் காஸ்பியின் குழு, நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்து சிறுவயதிலிருந்தே கண்காணிக்கப்பட்டு வந்த 847 பேரை ஆராய்ந்து, வேலை போவது, உறவு முறிவது மாதிரி அடிமேல் அடி விழுந்தவர்களில் குட்டை வடிவம் உள்ளவர்களே மனச்சோர்வில் அதிகம் விழுந்தார்கள் என்று எழுதியது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மற்ற ஆய்வாளர்கள் அதையே செய்து பார்த்தபோது சிலருக்கு அதே முடிவு வந்தது, பலருக்கு வரவில்லை. 2017-இல் 38,802 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், உறுதியாகவில்லை. 2019-இல் இதையும் சேர்த்து 18 பிரபல 'மனச்சோர்வு மரபணுக்களை' லட்சக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அப்பா சாப்பிடுவது ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிடாலோபிராம் வகை மாத்திரை என்றால், அது செய்வதே அந்தப் புரதத்தைத் தடுப்பதுதான். புரதம் குறைவாக இருப்பது நோய் என்றால், அதைத் தடுக்கும் மருந்து எப்படிக் குணப்படுத்தும்? ஜப்பானிலும் சீனாவிலும் பெரும்பாலோருக்குக் குட்டை வடிவம்தான். அங்கே மனச்சோர்வு ஐரோப்பாவைவிட அதிகம் என்று யாரும் காட்டவில்லை.

அப்படியானால் பரம்பரையே இல்லையா? இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளில் மரபின் பங்கு ஏறக்குறைய 37 சதவீதம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடும். ஆனால் 2019-இல் 8 லட்சம் பேரை வைத்துத் தேடியபோதே மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளி. அதனால் ஒரே மரபணுவைப் பார்த்து உங்களையோ மகளையோ பற்றி எதுவும் சொல்ல முடியாது. அப்பாவின் கதை அந்த ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்கிறது, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

உங்கள் தூக்கம் கெட்டது எனக்கு நிஜமாகவே கவலை. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்து, தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், மகளுக்கும் இதே கணக்குத்தான். போகும்போது அந்த ரிப்போர்ட் வேண்டாம். அப்பாவுக்கு எந்த மாத்திரை கேட்டது, எந்த அளவில் என்று எழுதி எடுத்துப் போங்கள். அப்புறம், இதையெல்லாம் படித்துவிட்டு அப்பா மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.