அட்டையில் பாதி, கையில் பாதி

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். புள்ளியியல் படித்துவிட்டு, அரசு மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் சென்னையில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகள் அனுப்பும் பில் விவரங்களை அலசி, சந்தேகமானதைக் குறித்து மேலே அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதாக நான் குறித்துக் கொடுத்த ஒரு மருத்துவமனையைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாமா ஒருவர், “ஏழைக்குக் கிடைக்கிறதைக் கெடுக்கிற உத்தியோகம்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சாப்பிடாமலே வந்துவிட்டேன். நான் செய்வது சரியா? அண்ணன் அட்டையில் தம்பி வைத்தியம் பார்ப்பதையெல்லாம்கூடக் குறிக்க வேண்டுமா? இதை வைத்து நாவல் எழுதவும் ஆசை. என்ன படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

மாமா ஏதோ சொன்னார் என்று பந்தியில் உட்காராமல் வந்தது சிறுபிள்ளைத்தனம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரைதான். நடக்காத வைத்தியத்துக்குப் பணம் எடுத்தால் அது அந்தக் குடும்பத்தின் பங்கிலிருந்துதான் போகிறது. அப்புறம் நிஜமாகவே நெஞ்சுவலி வந்து போய் நிற்கும்போது அட்டையில் மிச்சம் இருக்காது. இதை மாமாவுக்குப் புரியும்படி சொல்ல இரண்டு நிமிடம் போதும். கர்ப்பப்பை விஷயத்தில் நீங்கள் ஒரு நொடியும் வருந்த வேண்டாம். பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் ஏழைப் பெண்களுக்கு இப்படித் தேவையில்லாமல் அறுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்த மருத்துவமனை திட்டத்திலிருந்து போனால் போகட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு வேறொரு குறை. மருத்துவமனை வருகிறது, பில் வருகிறது, மாமா வருகிறார். ஒரு நோயாளிகூட வரவில்லை. இதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்டில், மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பற்றி, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை வந்தது. 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் 7,49,820 பேர் பதிவாகியிருந்தார்கள். இறந்துபோனதாகக் கணினியிலேயே இருந்த 3,446 பேருக்கு, அதற்குப் பிறகும் சிகிச்சை நடந்ததாக 6.97 கோடி ரூபாய் கொடுத்திருந்தார்கள். டிவியில் நாலு நாள் இதே பேச்சு. நோயாளிகள் கையிலிருந்து பணம் கட்டியதையும் அதே அறிக்கை சொல்லியிருந்தது. அதைப் பேச ஆளில்லை.

கொரடாச்சேரிப் பக்கம் இருக்கும் என் அத்தை வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தனியார் மருத்துவமனை. காப்பீட்டு அனுமதி மறுநாளே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் கவுன்டரில் இருந்தவர், “கார்டுல வர்ற பிளேட் சுமாராத்தான் இருக்கும், நல்லது வேணும்னா வெளியிலேர்ந்து வாங்கணும்” என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். மருந்துக் கம்பெனிகள் கொடுக்கும் குறிப்புப் புத்தகத்தில் கிழித்த துண்டு. மருத்துவமனை பெயர் இல்லை, தேதி இல்லை, பிளேட் என்றுகூட எழுதவில்லை. 28 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. ஆயிரம் என்பதை நாமே புரிந்துகொள்ள வேண்டும். பணம் கட்டியதும் அந்தச் சீட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அத்தையின் தோடு அடகுக் கடைக்குப் போனது. வீட்டுக்கு அனுப்பும் அன்று, என்னிடம் பணம் எதுவும் வாங்கவில்லை என்ற தாளில் அதே அத்தை கைநாட்டு வைத்தார்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் கணினியில் இது எப்படித் தெரியும்? எக்ஸ்ரே இருக்கிறது, பிளேட்டின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கிறது, படுக்கையில் எடுத்த போட்டோ இருக்கிறது, கைநாட்டும் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான கேஸ் உங்களுக்குக் கிடைக்காது. புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு அத்தை, “நாளைக்கு பிளேட்டைக் கழட்ட அவர்கிட்டதானடா போகணும்” என்றார்.

டெல்டாக்காரரான உங்களுக்கு இது புதிதா? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். ரசீதில் மூட்டைக்கு 40 கிலோ. தராசில் அதற்கு மேல், கையில் மூட்டைக்கு இவ்வளவு என்று தனி. கொடுக்கவில்லையென்றால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, எடுக்க முடியாது என்பார்கள், குவியல் மழையில் கிடக்கும். பதிவேட்டில் ஒரு பிழை இருக்காது. புகார் இல்லாததால் தப்பே நடக்கவில்லை என்று அங்கே எந்த விவசாயியும் நம்ப மாட்டான். நீங்கள் மட்டும் காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் புகார் அழைப்பு வரவில்லை என்பதால் ஒரு மருத்துவமனைக்குப் பச்சை நிறம் போடுகிறீர்கள்.

கணினி எதிர்ப்பக்கமும் தவறும். ஒரே அட்டையில், ஒரே தேதியில், இரண்டு ஊரில் சிகிச்சை என்றால் உடனே சிவப்பு விழும். தாய் திருவாரூரில் படுத்திருப்பாள், குறைமாதக் குழந்தையைத் தஞ்சாவூர் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பிறந்த குழந்தைக்கு அம்மாவின் அட்டையிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று விதியே இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து வந்த நீங்கள் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும். உங்களை அந்த நாற்காலியில் வைத்திருப்பதில் எனக்கு இருக்கும் நம்பிக்கையே அதுதான்.

அண்ணன் அட்டைக்குத் தம்பி விஷயம்: தப்புதான், ஆனால் கடைசியாகப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயை ஐந்தாயிரம் தாண்டியதால் அட்டை கிடைக்காதவன் அவன். ஆபரேஷன் மேசையில் அவன் போய்விட்டால் அண்ணன் பெயரில் இறப்புச் சான்றிதழ் வரும் என்று யாராவது அவர்களிடம் எடுத்துச் சொன்னாலே பாதிப் பேர் செய்ய மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மருத்துவமனையில் இருக்கும்போது வேண்டாம், வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து. “பணம் வாங்கினார்களா” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். “உடம்பு எப்படி இருக்கு, மொத்தத்தில் எவ்வளவு செலவாச்சு, எதையாவது அடகு வச்சீங்களா” என்று கேளுங்கள். லஞ்சத்தை மறைப்பவர்கள் நகை போன கதையை மறைக்க மாட்டார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனவர்கள் எல்லாரும் தோட்டையும் சங்கிலியையும் சொல்கிறார்கள் என்று அப்புறம் உங்கள் புள்ளியியலைப் போட்டுப் பாருங்கள். மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு எழுதாதீர்கள். கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாவல் இருக்கட்டும், அதற்கு இப்போது அவசரமில்லை.

தை, மாசி அறுப்பு நேரத்தில் பகலில் கூப்பிட்டால் நம் ஊரில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இரவு ஏழரைக்கு மேல் கூப்பிடுங்கள். கூப்பிடுபவர் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் நல்லது.

அன்புடன்