எல்லாக் கிறிஸ்தவர்களும் முடிவில்லாத நரகத்தை நம்புகிறார்களா?

இல்லை. பெரும்பாலான சபைகள் நம்புகின்றன. ஆனால் செவன்த்டே அட்வென்டிஸ்டுகள், செத்தவர் உணர்வின்றி உறங்குகிறார், கடைசியில் பொல்லாதவர் எரிந்து இல்லாமலே போவார் என்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், எல்லாரும் ஒருநாள் கடவுளிடம் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தார்.

சண்டையெல்லாம் மத்தேயு 25:46-இல்தான். 'நித்திய ஆக்கினை' (தண்டனை) என்பதில் வரும் 'ஐயோனியோஸ்' என்ற கிரேக்கச் சொல் முடிவற்றதையா, வரப்போகும் யுகத்துக்குரியதையா குறிக்கிறது? அதே வசனம் 'நித்திய ஜீவன்' என்றும் சொல்கிறதே, அதற்கு மட்டும் வேறு அர்த்தமா என்று முடிவில்லாத நரகத்தை நம்பும் மரபுவாதிகள் மடக்குவார்கள். வலுவான கேள்விதான்.

அப்புறம், கத்தோலிக்கர்களின் உத்தரிக்கிற ஸ்தலம் நரகமல்ல. மோட்சத்துக்குப் போகிறவர்கள் தூய்மையாகும் இடைநிலை. நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபிப்பது அவர்களுக்காகத்தான். புராட்டஸ்டன்ட் சபைகள் இந்தப் போதனையை ஏற்பதில்லை.