தேடிய சொல்லில் சிக்காத பிளாச்சிமடை: பசுமைப் பொருளாதார ஆய்வு கேள்வி-பதில்

இந்த முறை பாலக்காட்டு எல்லைப் பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம்.

கேள்வி: பசுமைப் பொருளாதாரம் 2012 ரியோ மாநாட்டில் தொடங்கியது என்று எழுதலாமா சார்? (மாணவி, சித்தூர்)

கூடாது. இயற்கையைக் கெடுக்காமல் பொருளாதாரத்தை வளர்ப்பது என்ற இந்தக் கருத்தைப் பற்றி, பொருளாதார அறிஞர்கள் பியர்ஸ், மார்க்கண்டேயா, பார்பியர் மூவரும் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதிய அறிக்கை 1989-லேயே வந்துவிட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2008-ல் இதைக் கையில் எடுத்தது. ரியோ அதற்கப்புறம்தான்.

கேள்வி: ‘பசுமைப் பொருளாதாரம்’, ‘பாலக்காடு’ என்று ஆங்கிலத்தில் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினேன். உருப்படியாக எதுவும் இல்லை. கிடைத்த கட்டுரைகளின் சொற்களை இணைத்துக் காட்டும் வாஸ்வியூவர் மென்பொருளில் படமும் போட்டுவிட்டேன். நம் மாவட்டம் பற்றி ஆய்வே இல்லை என்று எழுதட்டுமா? (ஆய்வு மாணவர், கொழிஞ்சாம்பாறை)

எழுதாதீர்கள் தம்பி. பக்கத்துப் பஞ்சாயத்து பெருமாட்டி. அங்கே பிளாச்சிமடையில் 2000-ல் வந்த குளிர்பான ஆலை 2004-ல் நின்றது. 2010-ல் மாநில அரசின் உயர்மட்டக் குழு, விவசாய இழப்பு, உடல்நலம், குடிநீர் தரும் செலவு, கூலி இழப்பு என்று தனித்தனியாக மதிப்பிட்டு, அந்த ஆலையால் நேர்ந்த மொத்தச் சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. சுற்றுச்சூழல் சேதத்துக்கு விலை போடுவது பசுமைப் பொருளாதாரத்தின் நடு வேலை. அது உங்கள் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது! பிளாச்சிமடை பற்றி எழுதியவர்கள் நிலத்தடி நீர், தண்ணீர் உரிமை என்ற சொற்களில் எழுதினார்கள். குழு அறிக்கையும் பஞ்சாயத்துத் தீர்மானமும் ஸ்கோபஸில் ஏறுகிறவை அல்ல. வாஸ்வியூவர் நீங்கள் கொடுத்த பட்டியலில் எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று மட்டுமே காட்டும்; பட்டியலில் விட்டுப்போனது அதற்குத் தெரியாது. வட்டார ஆய்வுகள் இப்படியே விடுபட்டு, ‘ஆய்வு இடைவெளி’ என்ற பெயரில் ஆய்வேடுகளில் ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போங்கள். எந்தச் சொற்களை எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: நிலத்தடி நீரைக் காக்க மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று விவசாயிகளிடம் கேட்டேன். பாதிப் பேர் ‘ஒன்றும் தரமாட்டேன்’ என்றார்கள். அவர்களை நீக்கிவிடலாமா? (வேலந்தாவளம்)

காரணம் கேட்டீர்களா? கையில் காசில்லாதவரின் பூஜ்யம் உண்மையான பூஜ்யம். அதை நீக்கக் கூடாது. ‘கெடுத்தவன் கட்டட்டும்’ என்பவரின் பூஜ்யம் எதிர்ப்பு. அதைத் தனியாகக் காட்டுங்கள். அப்புறம், தமிழ் பேசுகிறவரிடம் மலையாளப் படிவத்தை நீட்டினீர்களா? கேட்ட கேள்வியை, கேட்ட மொழியிலேயே பின்னிணைப்பில் கொடுங்கள்.

கேள்வி: வருமானம் கூடினால் மாசு தானாகக் குறையும் என்கிறதே குஸ்நெட்ஸ் வளைவு? (கொல்லங்கோடு)

தானாக இல்லை. 1991-ல் பொருளாதார அறிஞர்கள் கிராஸ்மன், குரூகர் பார்த்தது கந்தக டை ஆக்சைடு போன்ற உள்ளூர்க் காற்று மாசை. கார்பன் டை ஆக்சைடுக்கு அதை அப்படியே நீட்டாதீர்கள்.

கேள்வி: கேரளத்தின் 14 மாவட்டங்களை டி.இ.ஏ.வில் (உள்ளீட்டையும் வெளியீட்டையும் வைத்துத் திறனை ஒப்பிட்டு, அதிகபட்சம் 1 மதிப்பெண் தரும் முறை) போட்டேன். உள்ளீடு 4, வெளியீடு 3. எட்டு மாவட்டங்கள் 1 வாங்கின. எட்டும் பசுமை மாவட்டங்களா? (கோவிந்தாபுரம்)

இல்லை. 1 என்றால் இந்தக் கூட்டத்துக்குள் முன்னணி, அவ்வளவுதான். உள்ளீடும் வெளியீடும் சேர்ந்து 7. பொதுவாக, அதைப்போல் மூன்று மடங்கு, 21 அலகுகளாவது (இங்கே மாவட்டங்கள்) வேண்டும். உங்களிடம் 14. இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு என்று குறைத்து மறுபடி ஓட்டுங்கள். எதை ஏன் நீக்கினீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.