பைபரும் 4ஜியும் ஒரே ரவுட்டரில்: வேகம் இரட்டிப்பாகுமா?

வெள்ளவத்தை பிளட்ஸில் பைபர் ஒன்று, டேட்டா வரம்புள்ள 4ஜி ரவுட்டர் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. இரண்டு வான் (WAN, வெளி இணைய லைன் செருகும்) போர்ட் உள்ள ரவுட்டர் ஒவ்வொரு தொடர்பையும் ஏதாவது ஒரு லைனில்தான் அனுப்பும். நாலு பேர் நாலு வேலை பார்த்தால் சுமை பிரியும்; நீங்கள் இறக்கும் ஒரு பைல் ஒரே வழியாகத்தான் வரும். நிஜமாகவே ஒன்றாக்க வேண்டுமென்றால் மறுமுனையிலும் ஒரு சர்வர் வேண்டும், அதற்கு மாதக் கட்டணம். வீட்டுக்கு அது வீண் செலவு.

இப்படி இரண்டு லைனிலும் சுமையைப் பிரிக்கும் லோட் பேலன்சிங்கை நான் போடவே மாட்டேன். 4ஜியின் எனிடைம் டேட்டா சத்தமில்லாமல் கரைந்துவிடும். சில வங்கித் தளங்கள் ஐபி (உங்கள் இணைய முகவரி) மாறியதும் லொக்-அவுட் பண்ணிவிடும். பெயில்ஓவர் போதும்: பைபர் விழுந்தால் மட்டும் 4ஜி.

டிபி-லிங்க் இஆர்605 மாதிரி ஒரு ரவுட்டர் போதும். (அதில் வைஃபை இல்லை, இப்போதிருக்கும் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பொயின்டாக வைத்துக்கொள்ளுங்கள்.) பைபர் பெட்டி, 4ஜி இரண்டின் முகவரியும் 192.168.1.1 என்றால் ஒன்றை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டர் குழம்பும்.

எல்லாரும் கோட்டை விடுவது இனித்தான். வெளியே, காலி வீதியில் எங்கேயாவது பைபர் அறுந்தாலும் உங்கள் வீட்டுப் பெட்டியில் கரண்ட் இருக்கும், அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரும் உயிரோடு இருக்கும். லைன் நல்லாத்தான் இருக்கு என்று ரவுட்டர் நம்பிக்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒரு பக்கமும் திறக்காது. அதனால் ஒன்லைன் டிடெக்‌ஷன் என்ற ரவுட்டர் அமைப்பில் வெளியே உள்ள முகவரியைப் பிங் பண்ணச் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கச்) சொல்லுங்கள். 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடலாம். பெட்டியின் முகவரியைப் போட்டால் பயனில்லை, அது எப்போதும் பதில் சொல்லும்.

மாறும் நேரத்தில் சூம் கோல் சில நொடி தடைப்படும். ஐபி மாறுவதால் அதைத் தவிர்க்க முடியாது.

பைபர் பெட்டி, ரவுட்டர், 4ஜி மூன்றையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். ரவுட்டரை விட்டால் கரண்ட் போகும்போது இரண்டு லைனும் பிரயோசனமில்லை.

கடைசியில் சோதித்துப் பாருங்கள். ரவுட்டர் பக்க வயரைக் கழற்றினால் எந்த ரவுட்டரும் கண்டுபிடித்துவிடும், அது சோதனையே இல்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் பச்சை முனை பைபரை மெதுவாகக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் நுனியைத் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் 4ஜிக்கு மாறாவிட்டால் பிங் அமைப்பைத் திரும்பப் பாருங்கள்.