இருபது நிமிடத்தில் ஒரு வண்டியைப் படிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று வருடமாக 400 சிசி வண்டி ஓட்டுகிறேன். அடுத்து ஒரு மிடில்வெயிட் (600, 700 சிசி பக்கத்து நடுத்தர ரகம்) ஸ்போர்ட் பைக் வாங்கலாம் என்று 2021 மாடல் யமஹா ஆர்7, அப்ரிலியா ஆர்எஸ் 660 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் டார்க் (திருகு விசை) 67 என்.எம். (நியூட்டன் மீட்டர்) என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு 73 குதிரைத்திறன், மற்றதற்கு 100. எப்படி சார் இது?

பதில்: இரண்டு கம்பெனியும் சரியாகத்தான் போட்டிருக்கின்றன. கிராங்க், அதாவது இன்ஜினுக்குள் சுழலும் தண்டு, எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது டார்க். அதே பலத்தோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வருவது குதிரைத்திறன். ஆர்7-இன் 689 சிசி இன்ஜின் 6,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 6,500 சுற்று) உச்ச டார்க்கைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மெல்ல மூச்சு வாங்கும். 8,750-இல் 73 குதிரைத்திறன் வரும்போது டார்க் 59 பக்கம் இறங்கியிருக்கும். ஆர்எஸ் 660-க்கு 659 சிசிதான். ஆனால் 8,500-இல் வருகிற அந்த 67 என்.எம். 10,500 வரை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. மிச்சக் குதிரைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறீர்கள்? ஒரு வாரம் உங்கள் 400-இல் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரைக் கவனியுங்கள். ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உச்சிக்குப் போகாமலே வாரம் முடிந்துவிட்டால் அந்த 27 குதிரை உங்களுக்கு லாயத்திலேயே கட்டிக் கிடக்கும். இரண்டு இன்ஜினுக்கும் 270 டிகிரி கிராங்க், அதாவது இரண்டு சிலிண்டரும் சம இடைவெளி இல்லாமல் வெடிக்கும், அதனால் துடிப்பும் சத்தமும்கூட உறவுக்காரர்கள் மாதிரித்தான் இருக்கும். ரேஸ் டிராக்கில் நேர்ப்பாதை வந்தால் ஆர்எஸ் காட்டிவிடும், சந்தேகமே இல்லை.

நானாக இருந்தால் குதிரைத்திறனை விட்டுவிட்டு எலெக்ட்ரானிக்ஸைப் பார்த்திருப்பேன். ஆர்எஸ் 660 சாய்மானத்தை அளந்து அதற்கேற்ப ஏபிஎஸ்ஸையும் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) டிராக்ஷன் கன்ட்ரோலையும் (முறுக்கும்போது பின் சக்கரம் வழுக்காமல் தடுப்பது) வேலை செய்ய வைக்கிறது. 2021-இல் வந்த ஆர்7-இல் டிராக்ஷன் கன்ட்ரோலே கிடையாது. ஈரச் சாலையில் அதிகம் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இதுதான்.

கேள்வி: டெஸ்ட் ரைடுக்கு இருபது நிமிடம் தருகிறார்கள். ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். "நல்லா இருக்கு" என்பதைத் தவிர எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

பதில்: 400-இலிருந்து வந்து முறுக்கினால் எல்லா 650-உம் நல்லாத்தான் இருக்கும். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

சாவி போடுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, ஏனென்றால் பட்டவன். ஒருமுறை ஒரு வண்டியை ஓட்டிவிட்டு, "வளைவில் சாய மறுக்கிறது, ஹேண்டில் கல் மாதிரி இருக்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். கிளம்பும் நேரத்தில் ஏதோ உறுத்தியது. காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தால் முன் டயரில் 24 பிஎஸ்ஐ! கையேட்டில் இருந்தது 36. காற்றை நிரப்பி மறுபடி ஓட்டினேன், வேறு வண்டி. இரண்டு பக்கமும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ஜாக்கெட் பையில் கேஜ் இல்லாமல் நான் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. டயர் ஆறியிருக்கும்போது பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். டயர் புத்தம் புதிதாக இருந்தால் அன்று சாய்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், தேய்ந்து பழகாத ரப்பர் பிடிக்காது.

அப்புறம், மெதுவாக ஓட்டுங்கள். ஹேண்டிலை முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் ஒரு யூ-டர்ன். கட்டைவிரல் டேங்கில் நசுங்குகிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, குறைந்த வேகத்தில் இன்ஜின் உதறுகிறதா என்று மூன்றும் தெரிந்துவிடும். அடுத்து இரண்டாவது கியர், சுமார் 3,000 ஆர்பிஎம். ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி, ஒரு முடியளவு திறவுங்கள். வண்டி வெடுக்கென்று குதிக்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? வளைவின் நடுவில் நீங்கள் நூறு தடவை செய்யப்போவது இதைத்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுக்கலாம். ரைடிங் மோடை மாற்றி மறுபடி பாருங்கள், "ஸ்போர்ட்" மோடில் குதிப்பது "ரெயின்" மோடில் அடங்குவதுண்டு.

பிரேக்கை இரண்டு விரலால் பிடியுங்கள். முதல் கடி எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடித்த பிறகு விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் நிற்கிறதா, கொஞ்சம் தளர்த்தினால் கொஞ்சம் விடுகிறதா? விடும்போது சொன்னபடி கேட்கிற பிரேக்தான் எனக்கு நல்ல பிரேக்.

பழக்கமான ஒரு மோசமான சாலையில் போங்கள், வழவழப்பான சாலையில் எல்லா சஸ்பென்ஷனும் உத்தமன். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஃபேன் சுழன்று அந்தச் சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்று பார்க்க. கண்ணாடியில் சாலை தெரிகிறதா, உங்கள் முழங்கைதான் தெரிகிறதா என்பதையும்.

விற்பனையாளரிடம் பேசுவதற்கு முன்னால் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். பேசிய பிறகு எழுதினால் அது அவருடைய வரி.

கேள்வி: ஸ்போர்ட் பைக்கில் அரை மணி நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது. ஹேண்டிலை உயர்த்திவிடலாமா?

பதில்: முதலில் முழங்காலை வேலைக்கு வையுங்கள். டேங்கைத் தொடையால் இறுக்கி, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கினால் கை தானாகத் தளரும். சோதனை எளிது: நேரான, காலியான சாலையில் போகும்போது விரல்களால் ஹேண்டில் மேல் பியானோ வாசிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் ஹேண்டிலில் தொங்குகிறீர்கள். வேகம் கூடினால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கி வலியைக் குறைக்கும். நெரிசலில் அந்த உதவி இல்லை, அதனால்தான் அங்கே வலி உயிரை எடுக்கிறது. இதற்குப் பிறகும் வலித்தால் உயர்த்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு இடது மணிக்கட்டு பழைய கணக்கு ஒன்றை வைத்திருக்கிறது, என் வண்டியில் ஹேண்டில் உயரம்தான்.

கேள்வி: பழைய யமஹா ஆர்6 ஒன்று நல்ல நிலையில் வருகிறது. மிடில்வெயிட் ராஜா என்றால் அதுதானே? தினமும் ஓட்டத்தான்.

பதில்: ராஜாதான். 1999-இல் வந்து, ஐரோப்பாவில் சாலை ரகம் 2020-இல் நிற்கும்வரை அந்த 599 சிசி நான்கு சிலிண்டர் ஒரு தலைமுறையையே பைத்தியமாக்கியது. ஆனால் கடைசி மாடலில் உச்ச டார்க் வருவது 10,500-இல், உச்சத் திறன் 14,500-இல். முதல் கியரிலேயே 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும் வண்டியை சிக்னலுக்கு சிக்னல் ஓட்டுவது இருவருக்குமே கஷ்டம், உங்களுக்கும் அதற்கும். 2024-இல் வந்த டிரையம்ப் டேடோனா 660-ஐ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்று சிலிண்டர், 95 குதிரைத்திறன், 3,125 ஆர்பிஎம்மிலேயே உச்ச டார்க்கில் 80 சதவீதம் கையில் இருக்கும். அதன் பிறகும் ஆர்6-தான் வேண்டும் என்றால் வாங்குங்கள். காதலுக்கு டார்க் கணக்கு செல்லாது.

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஸ்போர்ட் பைக் எனக்குச் சரிப்படுமா அண்ணா?

பதில்: சரிப்படும்மா. நானும் ஐந்தடி மூன்றுதான். சீட் உயரம் 2021 ஆர்7-க்கு 835 மி.மீ., ஹோண்டா சிபிஆர்650ஆர்-க்கு 810, கவாசாகி நிஞ்சா 650-க்கு 790. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதே, சீட்டின் முன்பக்கம் ஒடுக்கமாக இருந்தால் கால் இன்னும் கீழே போகும். ஒரு பாதம் முழுதாகத் தரையில் பதிந்தால் போதும். இடுப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி நின்று பழகு.

கேள்வி: பின் சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கிறது. ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகுமா?

பதில்: ஆகாது. ஸ்பிரிங் அதேதான், வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதுதான் மாறும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். சாலைக்கு 30 முதல் 35 மி.மீ. இறங்கினால் நல்லது. அதற்கு மேல் இறங்கினால் ப்ரீலோடைக் கூட்டுங்கள். அளவு சரியாக இருந்தும் மேடு தாண்டியபின் ஆடிக்கொண்டே போனால் ரீபவுண்ட் டேம்பிங்கை (அழுந்திய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) ஒரு கிளிக் கூட்டி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருகுதான். எத்தனை கிளிக் என்று எழுதியும் வையுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் எல்லாத் திருகையும் சேர்த்துத் திருப்பிவிட்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.